கன்னத்துப் புற்று: இரண்டு செக்கப்புக்கு நடுவே வீட்டில் என்ன பார்ப்பது

எனக்கு இடது கன்னத்தில் புற்று வந்தது, பாக்கும் புகையிலையும் வருஷக்கணக்காக அடக்கி வைத்த அதே பக்கம். ஆபரேஷனில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு மார்புச் சதையை வைத்துத் தைத்தார்கள். அப்புறம் கழுத்துக்கும் சேர்த்துக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்தார்கள். தொழில் தையல் என்பதால் அளவெடுப்பதும் ஓரம் பார்ப்பதும் கைப்பழக்கம். அந்தப் பழக்கத்தில் என் வாயைப் பார்த்துக்கொள்ளும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் செக்கப். முதல் வருடம் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் வருடம் 2 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு 5 வருடம் வரை 4 முதல் 8 மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடம் ஒருமுறை. பொதுவாக இப்படித்தான் வரச் சொல்வார்கள். நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் 2, 3 வருடத்துக்குள் என்பதால்தான் ஆரம்பத்தில் இவ்வளவு நெருக்கம். "வலியில்லையே, எதற்குப் போவது" என்று இந்தக் காலத்தில் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் பார்க்க வாரத்தில் ஒரு நாள் போதும். தினமும் பார்த்தால் பயம்தான் மிஞ்சும். பல் செட் இருந்தால் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். உதடு, இரண்டு கன்னம், ஈறு, மேலண்ணம் எல்லாம் பாருங்கள். நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து அதன் இரு ஓரங்களையும் அடிப்பக்கத்தையும் பாருங்கள். நான் அதிக நேரம் நிற்பது, வைத்த சதையும் சொந்தச் சதையும் சேரும் விளிம்பில். சட்டை கிழிந்தாலும் முதலில் தையல் ஓரம்தானே விடும்? வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, புண், தொட்டால் கெட்டியாக இருக்கும் இடம் இவையெல்லாம் கணக்கு. வைத்த சதையில் முடி முளைத்தால் பதற வேண்டாம், அது மார்புத் தோலின் குணம்.

அடுத்து கழுத்து. தாடைக்குக் கீழே, காதுக்குக் கீழே, காறை எலும்புக்கு மேலே என்று இரு பக்கமும் விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். கரண்ட் வைத்த கழுத்து இறுகித்தான் இருக்கும். தாடைக்கடியில் காலையில் வீங்கி, நேரம் ஆக ஆக வடிவது பெரும்பாலும் நிணநீர்த் தேக்கம் (சதைக்குள் நீர் கோத்துக்கொள்வது). புதிதாக நெறி கட்டி, அது வடியாமல் பெரிதாகிக்கொண்டே போனால் வலிக்காவிட்டாலும் காட்ட வேண்டும்.

வாய் எவ்வளவு திறக்கிறது என்பதையும் அளந்து எழுதுங்கள். மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையே சின்ன ஸ்கேல் வைத்தால் போதும். நான் ரவிக்கை அளவு எழுதும் நோட்டிலேயே குறித்து வைக்கிறேன். 35 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வாய் இறுக்கம் என்பார்கள். கரண்டாலும் அது இறுகும், அதற்குப் பயிற்சி உண்டு. ஆனால் நன்றாகத் திறந்துகொண்டிருந்த வாய் திடீரென்று குறைந்தால் பயிற்சியோடு நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

காதில் கோளாறே இல்லாமல் காது வலிப்பது, கீழுதடோ முகவாயோ மரத்துப்போவது, குரல் கம்முவது, விழுங்கும்போது சிக்குவது, பல் ஆடுவது, காரணமில்லாமல் எடை குறைவது இவற்றையும் லேசாக விடாதீர்கள். புண்ணோ இந்தத் தொல்லைகளோ 2 வாரத்தில் அடங்காவிட்டால் குறித்த தேதிக்குக் காத்திருக்காமல் போங்கள். வாய்ப்புண்ணுக்கு வைட்டமின் மாத்திரை வாங்கித் தின்றே மாதங்களைக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ரத்தம் கொட்டினாலோ மூச்சு முட்டினாலோ அன்றே, அப்போதே போக வேண்டும்.

கரண்ட் வைத்த தாடையில் பல் பிடுங்கும் முன் புற்றுநோய் டாக்டரைக் கேளுங்கள், எலும்பு ஆறாமல் அழுகிவிடலாம். கழுத்துக்குக் கரண்ட் வைத்திருந்தால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு ரத்தப் பரிசோதனையும் வேண்டும். புகையிலையை மறுபடி தொட்டால் பழைய நோய் திரும்புவது மட்டுமில்லை, வாயில் வேறிடத்திலோ உணவுக்குழாயிலோ நுரையீரலிலோ புதிதாக ஒன்று வரலாம்.

சந்தேகமான இடத்தில் டாக்டர் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பச் சொன்னால், "கத்தி பட்டால் பரவும்" என்று யாராவது தடுப்பார்கள். என் கடைக்கு வருகிறவர்களிலேயே அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. அதைக் கேட்டு நிற்காதீர்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், எவ்வளவு கரண்ட் வைத்தார்கள் என்ற சீட்டு எல்லாம் உள்ள ஃபைலை எடுத்துக்கொண்டு போய் டெஸ்ட்டைச் செய்துகொள்ளுங்கள்.