கேசட் பிளேயரின் மங்கிய ஒலியைச் சரிசெய்த அனுபவம்
என் கையடக்க கேசட் பிளேயரில் பாடல்கள் மங்கலாகவும் குரல் அலைந்தும் ஒலிக்கத் தொடங்கியபோது, மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தேன். நாடாவில் பதிந்த ஒலியைப் படிக்கும் 'ஹெட்' என்ற பாகத்தின் முகப்பிலும், நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளையிலும் பழுப்பு நிறப் பொடி அப்பியிருந்தது. நாடாவின் காந்தப் பூச்சான இரும்பு ஆக்சைடு உதிர்ந்து சேர்ந்த படிவு அது. வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஹெட்டை ஒட்டியே ஓட வேண்டிய நாடாவுக்கும் ஹெட்டுக்கும் நடுவே மெல்லிய படிவு வந்தாலும், உச்சஸ்தாயி ஒலிகள்தாம் முதலில் மறைகின்றன.

பேட்டரிகளைக் கழற்றிவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் ஹெட்டையும் அதனருகே சுழலும் உலோகத் தண்டையும், பஞ்சில் பழுப்பு ஒட்டாமல் வரும்வரை துடைத்தேன். ஆல்கஹால் ரப்பரை உலர்த்திவிடக்கூடும் என்பதால், உருளையை மட்டும் சோப்பு நீர் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே கேசட்டைப் போட்டேன். குரல் நேராகிவிட்டது. ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஹெட்டைச் சுரண்டவே கூடாது. அங்கு விழும் கீறல் ஒவ்வொரு நாடாவையும் தேய்த்துப் பாழாக்கும்.

பேட்டரி அறையின் சுருளிலும் வெள்ளைப் பூப்பு இருந்தது. ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம் என்பதால், கையுறை அணிந்து, வினிகர் தொட்ட பஞ்சால் அதை நீக்கி, ஈரம் போகத் துடைத்தேன். பிளேயரைப் பல வாரங்கள் பயன்படுத்தாமல் வைக்கும்போது இப்போது பேட்டரிகளைத் தனியே எடுத்து வைக்கிறேன்.