பவ்ரல் டூலிப் பார்க்கப் போறீங்களா? இப்படி பிளான் பண்ணுங்க

சிட்னில இருக்கவங்க, தெற்கே மேட்டுப்பக்கம் இருக்கற பவ்ரல்ங்கற ஊருக்கு செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்துல போங்க, டூலிப் டைம் விழா அப்பதான். 1961லருந்து நடக்குது. முடிஞ்சா வார நாள்ல போங்க, அதுவும் அக்டோபர் லாங் வீக்கெண்ட்ல போனா பார்க்கிங் தேடியே பாதி நாள் போயிடும்.

கார்ல ஹியூம் ஹைவே பிடிச்சா ஒன்றரை மணி நேரம் போல ஆகும். ட்ரெயின்னா கேம்பல்டவுன்ல மாறணும், அங்கருந்து வண்டி ரொம்ப கம்மி, அதனால திரும்பி வர்ற டைமையும் முதல்லயே பார்த்து வச்சுக்கோங்க. ஸ்டேஷன்லருந்து டூலிப் தோட்டம் இருக்கற கோர்பெட் கார்டனுக்கு நடந்தே போயிடலாம், விழா சமயத்துல உள்ள போக டிக்கெட் உண்டு.

காலைல ரொம்ப சீக்கிரம் போய் நிக்க வேண்டாம். குளிருக்கு டூலிப் இதழை மூடிக்கும், வெயில் ஏற ஏறத்தான் விரியும், அதனால பத்தரை பதினொண்ணுக்கு மேல பாருங்க. தூரத்துல நின்னு போட்டோ எடுத்துட்டு மட்டும் வந்துடாதீங்க, பாத்தி ஓரமா குனிஞ்சு பூவுக்குள்ள பாருங்க, சிவப்பு பூவோட அடியில மை தடவின மாதிரி கருப்பு, அதைச் சுத்தி மஞ்சள் கோடு, நடுவுல மகரந்தத்தோட கேசரங்கள், எனக்கு முழு தோட்டத்தையும் விட அதுதான் பிடிக்கும். பாத்திக்குள்ள மட்டும் கால் வைக்காதீங்க, குழந்தைங்களையும் பார்த்துக்கோங்க.

நிறைய பேர் இதோட கிளம்பிடறாங்க, அதுதான் எனக்கு வருத்தம். மதியத்தை ஓவியங்களுக்கு ஒதுக்குங்க. ரெட்ஃபோர்ட் பார்க்ல பழைய பால் பண்ணையை மாத்தி 2021ல நுனுங்குலான்னு ஒரு கலைக்கூடம் திறந்தாங்க, ஊருக்கு கொஞ்சம் வெளியே, கார் இல்லன்னா டாக்ஸி எடுக்கணும். உள்ளூர் ஓவியர்கள் வேலையைப் பார்க்க ஊருக்குள்ளயே ஆர்ட் சொசைட்டி கேலரி இருக்கு, பிடிச்சா சின்னதா ஒண்ணு வாங்கிட்டு வாங்க, வரைஞ்சவங்களுக்கு அது பெரிய உதவி.

வீட்ல கிரிக்கெட் பைத்தியம் இருந்தா பிராட்மேன் மியூசியத்தை விட மாட்டாங்க, டெஸ்ட் பேட்டிங்ல 99.94 சராசரி வச்ச டான் பிராட்மேன் வளர்ந்த ஊர் இது, மைதானமும் பக்கத்துலயே.

வசந்த காலம்னாலும் ஊர் மேட்டுல இருக்கறதால குளிர் அடிக்கும், ஜாக்கெட் கண்டிப்பா எடுத்துக்கோங்க. சாப்பாட்டுக்கு பாங் பாங் ஸ்ட்ரீட் பக்கம் கஃபே நிறைய இருக்கு, ஆனா விழா நாள்ல மதியம் கூட்டம் தாங்காது, புளிசாதம் கட்டிட்டுப் போயிடுங்க.