லைன் அறுந்தாலும் கடைக்குள் வேலை நிற்கக் கூடாது: டிஎன்எஸ்மாஸ்க் அமைக்கும் முறை

கடலூரில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இன்டர்நெட்டை நம்பி யாருக்கும் நேரம் சொல்ல முடியாது. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் போன்ற பெரும் புயல்கள் ஒருபுறம் இருக்கட்டும். தெருமுனையில் ஒரு மரக்கிளை கேபிள் மேல் முறிந்து விழுந்தாலே இணைப்பு போய்விடுகிறது. மஞ்சக்குப்பத்தில் நான் நடத்தும் டிடிபி, ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்கள் கோர்ட்டு மனு, பத்திர நகல், கல்லூரி விண்ணப்பம் என்று கெடு வைத்த வேலையோடு வருகிறவர்கள். வெளியே லைன் போனதற்காக, கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து கடைக்குள்ளேயே இருக்கும் பிரின்டருக்கு ஒரு பக்கம்கூடப் போகாமல் நிற்பதை என்னால் ஏற்க முடியாது.

அப்படி நிற்பதற்குக் காரணம் உண்டு. சிறிய கடை, பள்ளி, கிளினிக் போன்ற இடங்களில் இணைப்புக் கொடுத்தவர் மாட்டிவிட்டுப் போன ரௌட்டர் பெட்டியே எல்லா வேலையையும் பார்க்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண், கொடுப்பது அது. அந்த வேலைக்கு டிஹெச்சிபி என்று பெயர். பெயரைச் சொன்னால் முகவரியைச் சொல்வதும் அதுதான், இது டிஎன்எஸ். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்சும் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பெட்டி தடுமாறினால் எல்லாமே தடுமாறும். இந்த வேலைகளை அதனிடமிருந்து வாங்கி நம் கைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. அதற்கு ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் ஒன்று, ஒரு ஸ்விட்ச், இரண்டையும் தாங்கும் ஒரு சிறிய யுபிஎஸ் போதும். கம்ப்யூட்டர், பிரின்டர், கோப்பு சர்வர் எல்லாம் இந்த ஸ்விட்சில்தான் மாட்டியிருக்க வேண்டும். ரௌட்டருக்கு அதிலிருந்து ஒரே ஒரு கேபிள் போகட்டும்.

டிஎன்எஸ்மாஸ்க் என்பது சைமன் கெல்லி எழுதிய இலவச மென்பொருள். பெயர், முகவரி ஆகிய இரண்டு வேலைகளையும் ஒன்றே செய்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச இயங்குதளம் போட்ட ரௌட்டர்களுக்குள் ஓடுவதும் இதுதான் என்பதால், இது எவ்வளவு சிறிய இயந்திரத்துக்கும் போதும் என்று புரிந்துகொள்ளலாம்.

முதலில் ஒரு தாளை எடுத்து முகவரிகளைப் பங்கிடுங்கள். கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் இதைச் செய்வது பின்னால் பெரிய தலைவலியைத் தவிர்க்கும். ரௌட்டர் 192.168.1.1 என்றால் அதை அப்படியே விடுங்கள். பை-க்கு 192.168.1.2. பிரின்டர், கோப்பு சர்வர் போல இடம் மாறாதவற்றுக்கு 20 முதல் 49 வரை. வந்து போகும் செல்போன், லேப்டாப்புக்கு 100 முதல் 199 வரை.

முகவரி கொடுக்கிற பை யாரிடமும் முகவரி கேட்டு நிற்கக் கூடாது. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் 2023-இல் வந்த புக்வோர்ம் பதிப்பு முதல், இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் இருக்கிறது. என்எம்டியுஐ என்று அடித்தால் திரையில் மெனு வரும். அதில் ஐபிவி4 பகுதியை மேனுவல் என்று மாற்றி 192.168.1.2/24 என்றும், கேட்வே (வெளியே போகும் வாசல்), டிஎன்எஸ் இரண்டும் 192.168.1.1 என்றும் கொடுத்துவிடுங்கள். பிறகு "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டிஎன்எஸ்மாஸ்க்". பை-க்குப் பதிலாகப் பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு போட்டுச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற அதன் சொந்தப் பெயர்ச் சேவை, டிஎன்எஸ் கேள்விகள் வரும் 53-ஆம் போர்ட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதால், இடமில்லை என்று டிஎன்எஸ்மாஸ்க் கிளம்ப மறுக்கலாம். அதன் அமைப்பில் டிஎன்எஸ்-ஸ்டப்-லிசனரை "நோ" ஆக்கினால் போர்ட் விடுபடும்.

இனி அமைப்புக் கோப்பு. எட்சி கோப்புறையில் டிஎன்எஸ்மாஸ்க்.டி என்ற உள்கோப்புறை இருக்கும். அதில் உங்கள் கடைக்கென்று ஒரு புதிய கோப்பு திறந்து, கீழுள்ள வரிகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்:

இன்டர்ஃபேஸ்=எத்0
டொமைன்-நீடட்
போகஸ்-பிரிவ்
நோ-ரிசால்வ்
சர்வர்=1.1.1.1
சர்வர்=9.9.9.9
டொமைன்=ஹோம்.ஆர்பா
லோக்கல்=/ஹோம்.ஆர்பா/
எக்ஸ்பாண்ட்-ஹோஸ்ட்ஸ்
டிஹெச்சிபி-ஆத்தரிடேட்டிவ்
டிஹெச்சிபி-ரேஞ்ச்=192.168.1.100,192.168.1.199,12ஹெச்
டிஹெச்சிபி-ஆப்ஷன்=3,192.168.1.1
டிஹெச்சிபி-ஹோஸ்ட்=00:11:22:33:44:55,பெரியவன்,192.168.1.21

டொமைன்-நீடட், போகஸ்-பிரிவ் இரண்டும் நம் வீட்டுப் பெயர்களையும் தனியார் முகவரிகளையும் பற்றிய கேள்விகள் வெளியே போய் அலையாமல் தடுக்கின்றன. ஹோம்.ஆர்பா என்பது 2018-இல் வீட்டு நெட்வொர்க்குகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட பெயர். பலர் பழக்கத்தில் "லோக்கல்" என்று முடியும் பெயரை வைக்கிறார்கள். அது எம்டிஎன்எஸ் என்ற வேறொரு முறைக்கு உரியது என்பதால் வீண் குழப்பம் வரும்.

3 என்ற எண் உள்ள ஆப்ஷன் வரியை விட்டுவிடாதீர்கள். தனியாகச் சொல்லாவிட்டால் டிஎன்எஸ்மாஸ்க் தன்னையே கேட்வே என்று எல்லாருக்கும் அறிவித்துவிடும். உள்ளே பிரின்டர் வேலை செய்யும், வெளியே ஒரு பக்கமும் திறக்காது. டிஎன்எஸ் முகவரியாகவும் தன்னையே அறிவிக்கும். அது நமக்குத் தேவையானதுதான். "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டாவது டிஎன்எஸ்ஸாக கூகுளின் 8.8.8.8-ஐச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கத்தை நான் உறுதியாக எதிர்க்கிறேன். முதலாமவர் பதில் சொல்லாதபோது மட்டுமே இரண்டாமவரிடம் போக வேண்டும் என்று எல்லாக் கருவிகளும் கட்டுப்படுவதில்லை. உங்கள் பிரின்டரின் பெயர் வெளியில் யாருக்கும் தெரியாது. காலையில் அடித்த பிரின்டர் மதியம் "கிடைக்கவில்லை" என்று சொல்வது இப்படித்தான்.

கடைசி வரியில் உள்ள பெரியவன் எங்கள் கடையின் லேசர் பிரின்டர். பையன்கள் கூப்பிடும் பெயரையே வைத்துவிட்டேன். மனு எழுதுபவர் அவசரத்தில் நிற்கும்போது எண்ணைத் தேட முடியாது, பெயர்தான் நாக்கில் வரும். பிரின்டரின் மேக் முகவரியை, அதாவது தயாரிப்பாளர் அதற்குக் கொடுத்த எண்ணை, அதன் அமைப்புப் பக்கத்தை அச்சிட்டுப் பார்த்து, அந்த வரியில் 00:11:22:33:44:55 இருக்கும் இடத்தில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பிரின்டரை முகவரியால் சேர்க்காமல் பெரியவன்.ஹோம்.ஆர்பா என்ற பெயரால் சேருங்கள். நாளைக்குப் பிரின்டரை மாற்றினாலும் இந்தக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

"டிஎன்எஸ்மாஸ்க் --டெஸ்ட் --கான்ஃப்-ஃபைல்=" என்று அடித்து, இடைவெளி விடாமல் உங்கள் கோப்பின் முழுப் பாதையையும் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். எழுத்துப்பிழை இருந்தால் எந்த வரி என்று காட்டும். பிறகு ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குப் போய் அதன் டிஹெச்சிபியை நிறுத்துங்கள். உடனே இங்கே "சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் டிஎன்எஸ்மாஸ்க்". ஒரே நெட்வொர்க்கில் இரண்டு பேர் முகவரி கொடுத்தால் யார் முந்துகிறாரோ அவர் கொடுத்ததுதான், அப்புறம் எதையும் நம்ப முடியாது. சில பெட்டிகளில் இந்த வசதி பூட்டப்பட்டிருக்கும். அப்போது கேபிள்காரரிடம் நேரில் சொல்லித் திறக்கச் செய்யுங்கள். அதே பக்கத்தில், புதிய வகை முகவரிகளுக்கான ஐபிவி6 பகுதியையும் பாருங்கள். ரௌட்டர் அந்த வழியாகத் தன்னை டிஎன்எஸ் என்று அறிவித்துக்கொண்டிருந்தால் நாம் செய்த அத்தனையும் ஓரமாகப் போய்விடும்.

இப்போது "ஜர்னல்சிடிஎல் -எஃப் -யு டிஎன்எஸ்மாஸ்க்" என்று பதிவேட்டைத் திறந்துவைத்து, ஒரு செல்போனில் வைஃபையை அணைத்துப் போடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. போன் முதலில் டிஸ்கவர் என்று அறைக்கே கேட்கும்படி கூவும்: முகவரி கொடுப்பவர் யாராவது உண்டா? பை அதற்கு ஆஃபர் என்று 192.168.1.100-க்கு மேலுள்ள ஒன்றை நீட்டும். போன் ரிக்வெஸ்ட் என்று அதையே கேட்கும். அக் என்று பை உறுதி சொல்லும். முன்பு வந்து போன போன் என்றால் பழைய முகவரி நினைவிருப்பதால் கடைசி இரண்டு வரிகள் மட்டும் வரலாம். டிஸ்கவர் மட்டும் திரும்பத் திரும்ப வந்து ஆஃபர் வரவில்லையென்றால் ரேஞ்ச் வரியிலும் பை-யின் சொந்த முகவரியிலும் தேடுங்கள். போனுக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால் அதற்கு யாருமே பதில் சொல்லவில்லை என்று பொருள்.

போன்கள் இப்போது நெட்வொர்க்குக்கு ஒரு பொய் மேக் முகவரி காட்டுவதால், குறிப்பிட்ட போனுக்கு நிலையான முகவரி வேண்டுமானால் அந்த வைஃபைக்கு மட்டும் அந்த அமைப்பை நிறுத்த வேண்டும். ஆண்ட்ராய்டில் பிரைவேட் டிஎன்எஸ்ஸுக்கு ஒரு சர்வர் பெயர் கொடுத்து வைத்திருக்கும் போனுக்கும் பெரியவனைத் தெரியாது.

ரேஞ்ச் வரியில் 12ஹெச் என்று, முகவரிக்கு 12 மணி நேர ஒப்பந்தம் வைத்ததற்கும் காரணம் உண்டு. கருவிகள் பாதி நேரம் கழிந்ததும், அதாவது ஆறு மணி நேரத்தில், புதுப்பிக்கக் கேட்கும். இடையில் பை நின்றாலும் வாங்கிய முகவரி கெடு வரை செல்லும். பெயர்கள் மட்டும் அந்த நொடியே போய்விடும் என்பதால் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டிய முதல் பொருள் பை.

எல்லாம் முடிந்ததும் ரௌட்டரின் பவரைப் பிடுங்கிவிட்டு, கேபிளில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு பெரியவனுக்கு ஒரு பக்கம் அனுப்புங்கள். தாள் வெளியே வந்தால் அமைப்பு சரி. வைஃபை கருவிகளுக்கும் இது வேண்டுமானால் ஸ்விட்சிலிருந்து தனியாக, வைஃபை தரும் ஒரு ஆக்சஸ் பாயின்ட் போட்டு, அதையும் யுபிஎஸ்ஸில் சேர்க்க வேண்டும்.

திடீர் மின்வெட்டில் பை-யின் மெமரி கார்டு கெட்டுப்போவதுண்டு. ஆகவே கார்டை அப்படியே இன்னொரு கார்டில் நகலெடுத்து, ரௌட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டு எழுதிய சீட்டோடு சேர்த்து கல்லாப் பெட்டியில் வையுங்கள். நகல் கார்டும் கைகொடுக்காத நாளில், மாற்று வரும் வரை ரௌட்டரின் டிஹெச்சிபியை மறுபடி இயக்கிக்கொள்ளலாம்.