டிஎன்ஏ சிமுலேஷனை முதல்முறை ஓட்டப் போகிறீர்களா? விடை தெரிந்த கணக்கிலிருந்து தொடங்குங்கள்

அணுக்களின் அசைவைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதுதான் சிமுலேஷன். அதில் டிஎன்ஏ, ஆர்என்ஏ பக்கம் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தங்கள் ஆய்வுக்கு வேண்டிய பெரிய மூலக்கூறிலேயே நேரடியாகக் கை வைக்கிறார்கள். வேண்டாம். விடை தெரியாத கணக்கில் எங்கே தப்பு செய்தோம் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? மூலக்கூறு வடிவங்களைச் சேமித்து வைத்திருக்கும் பிடிபி (PDB) தளத்தில் 1பிஎன்ஏ (1BNA) என்று தேடி எடுங்கள். 1981-இல் வெளியான 12 கார இணை கொண்ட டிஎன்ஏ, வரிசை சிஜிசிஜிஏஏடிடிசிஜிசிஜி (CGCGAATTCGCG). இதன் ஒவ்வொரு மூலையையும் பலர் அளந்து வைத்திருக்கிறார்கள், அதுதான் நமக்கு வேண்டியது.

கோப்பில் இருக்கும் தண்ணீரை நீக்கிவிட்டு ஆம்பர்டூல்ஸ் (AmberTools) என்ற சிமுலேஷன் மென்பொருள் தொகுப்பில், மூலக்கூறைத் தயார்செய்யும் டிலீப் (tleap) நிரல் வழியாக ஏற்றுங்கள். பிறகு வேறு கோப்புகளை எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இழையின் 5' முனையில் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொண்டிருந்தால் டிலீப் அந்த அணுக்களை அடையாளம் தெரியாமல் நின்றுவிடும், அதை வெட்டிவிட்டால் சரியாகிவிடும்.

அடுத்தது ஃபோர்ஸ் ஃபீல்ட், அதாவது அணுக்களுக்கு இடையிலான விசைகளைக் கணக்கிடும் சூத்திரங்களும் எண்களும்; இங்கேதான் நிதானம் வேண்டும். பழைய பார்ம்99 (parm99) ஃபோர்ஸ் ஃபீல்டை வைத்து ஓட்டினால் முதலில் எல்லாம் அழகாக இருக்கும், ஓட்டம் நீள நீள முதுகெலும்பின் ஆல்ஃபா, காமா கோணங்கள் திரும்பி நின்றுகொண்டு பழைய இடத்துக்கு வராது, இரட்டைச் சுருளின் முறுக்குத் தளர்ந்துபோகும். குறுகிய ஓட்டங்களில் இது கண்ணிலேயே படவில்லை, நீளமாக ஓட்ட முடிந்த பிறகுதான் வெளியே வந்தது. 2007-இல் வந்த பிஎஸ்சி0 (bsc0) என்ற திருத்தம் அதைச் சரிசெய்தது. இன்று டிஎன்ஏவுக்கு பிஎஸ்சி1 அல்லது ஓஎல்15, ஓஎல்21 எடுங்கள் (ஓஎல் என்பது செக் நாட்டின் ஓலமவுட்ஸ் நகரத்தைக் குறிக்கிறது). ஆர்என்ஏ என்றால் ஓஎல்3. ஒன்றுக்கு உரியதை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

ஒவ்வொரு இழையிலும் 11 பாஸ்பேட், ஆக மொத்த மின்னேற்றம் மைனஸ் 22. அதைச் சமன்செய்ய 22 சோடியம் அல்லது பொட்டாசியம் அயனிகள், அதன்மேல் 150 மில்லிமோலார் அளவுக்கு உப்பு. பெட்டியின் சுவருக்கும் டிஎன்ஏவுக்கும் நடுவே குறைந்தது 10 ஆங்ஸ்ட்ராம் தண்ணீர் இருக்கட்டும், நான் 12 வைப்பேன். தொலைதூர மின்விசையை வெட்டாமல் கணக்கிடும் பிஎம்இ (PME) முறை கட்டாயம். இத்தனை மின்னேற்றம் உள்ள மூலக்கூறில் தொலைவைப் பாதியில் வெட்டிவிட்டால் இரட்டைச் சுருளே நிலைக்காது.

ஆற்றலைக் குறைத்து, டிஎன்ஏவைக் கட்டிவைத்து 300 கெல்வினுக்குச் சூடாக்கி, அழுத்தத்தைச் சமப்படுத்தி, கட்டைப் படிப்படியாகத் தளர்த்துங்கள். ஹைட்ரஜன் அணு சேர்ந்த பிணைப்புகளின் நீளங்களைப் பூட்டிவிட்டால் 2 ஃபெம்டோநொடிப் படி போதும். அப்புறம் ஓடவிடுங்கள்.

முடிந்ததும் வரைபடத்தில் ஆர்எம்எஸ்டி (RMSD, தொடக்க வடிவத்திலிருந்து அணுக்கள் சராசரியாக எவ்வளவு விலகின என்ற அளவு) திடீரென்று 2 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 30-க்குத் தாவினால் பதறாதீர்கள். எனக்கு முதல் ஓட்டத்தில் அப்படித்தான் ஆனது. இரண்டு இழைகளும் பெட்டியின் எதிரெதிர் ஓரத்தில் தனித்தனியாக நின்றன, டிஎன்ஏ பிரிந்துவிட்டது என்றே நம்பி ஒரு வாரத்து வேலையை அழிக்கப் போனேன். உண்மையில் ஒரு இழை சுவரைத் தாண்டியதும் அதன் பிம்பத்தை மறுபக்கம் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஓட்டத்தின் முடிவுகளை அலசும் சிபிபிட்ராஜ் (cpptraj) நிரலில் ஆட்டோஇமேஜ் (autoimage) என்று ஒரு வரி போட்டதும் இரண்டும் சேர்ந்துகொண்டன. நேரான இரட்டைச் சுருள் சாதாரண உப்பும் 300 கெல்வினும் உள்ள பெட்டியில் அப்படித் திடீரென்று பிரியாது.

ஆர்எம்எஸ்டியோடு நிறுத்தாதீர்கள். சுருளின் வடிவத்தை அளக்கும் கர்வ்ஸ்+ (Curves+) நிரலைப் போட்டு முறுக்கைப் பாருங்கள், ஒரு கார இணையிலிருந்து அடுத்ததற்குச் சராசரியாக 34 டிகிரிக்குப் பக்கத்தில் வர வேண்டும், அவற்றுக்கு இடையிலான உயர்வு 3.3 ஆங்ஸ்ட்ராம் அளவில். ஏஏடிடி பகுதியில் சிறு பள்ளம் (சுருளின் இரு பள்ளங்களில் சிறியது) குறுகியிருக்க வேண்டும், இந்த மூலக்கூறின் அடையாளமே அதுதான். சர்க்கரை வளையங்கள் பெரும்பாலும் சி2' எண்டோ என்ற மடிப்பில், இயல்பான பி வடிவத்துக்கு உரியபடி, நிற்க வேண்டும், சி3' எண்டோ பக்கம் கூட்டமாகச் சாய்ந்தால் சுருள் ஏ வடிவத்துக்கு நழுவுகிறது. முனையில் உள்ள சி–ஜி இணைகள் திறந்து மூடும், தண்ணீரில் அது இயல்பு, அதனால் சராசரிகளை எடுக்கும்போது இரு முனையிலும் ஒவ்வொன்றை விட்டுவிட்டு நடுவில் உள்ள 10 இணைகளை மட்டும் எடுங்கள்.

தொடக்க வேகங்களை மாற்றி மூன்று முறையாவது ஓட்டுங்கள். முறுக்கும் பள்ளமும் சீக்கிரம் சமப்படும், அயனிகள் டிஎன்ஏவைச் சுற்றி ஒரு ஒழுங்குக்கு வர நூற்றுக்கணக்கான நானோநொடிகள் ஆகும். மூன்று ஓட்டங்களிலும் அயனிகளின் படம் ஒன்றுபோல் வரவில்லையா, இன்னும் ஓட்டுங்கள்.