வேப்பங்கொட்டைக் கரைசலை மாலையில் அடியுங்கள், சோப்பு சேர்த்து அடியுங்கள்

வேப்பங்கொட்டைக் கரைசலை மாலை 4 மணிக்கு மேல், சோப்பு கலந்து அடித்தால் அதே அளவு பருப்பில் (கொட்டையின் ஓட்டுக்குள் இருப்பது) கூடுதல் பலன் கிடைக்கும். வேப்பம்பருப்பில் பூச்சியைக் கட்டுப்படுத்தும் அசாடிராக்டின் என்ற பொருள் வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும். மாலையில் அடித்தால் இரவு முழுக்க இலையில் நிற்கும். சோப்பில்லாத கரைசல் முட்டைக்கோஸ் இலையில் முத்துமுத்தாக உருண்டு மண்ணில் விழுவதைப் பார்க்கலாம். சோப்பு சேர்ந்ததும் அதே துளி இலையில் பரவி ஒட்டிக்கொள்ளும்.

10 லிட்டர் தெளிப்பான் டேங்குக்கு அரை கிலோ பருப்பு. நிழலில் உலர்ந்த, பூசணம் பிடிக்காத, ஒரு வருடத்துக்கு உட்பட்ட கொட்டையாகப் பார்த்து எடுங்கள். இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, பால் நிறம் வரும்வரை பிழியுங்கள். கொதிநீர் வேண்டாம், சத்து கெடும். இரண்டு முறை வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்துக்கொண்டு பாதி வேலை அங்கேயே நின்றுவிடும். 10 கிராம் காதி சோப்பைத் தனியாகக் கரைத்துச் சேர்த்து, 10 லிட்டராக்கி, இலையின் அடிப்பக்கம் நனைய அன்றே அடித்து முடியுங்கள்.

உப்புத்தண்ணீர் போர்வெல்லில் சோப்பு திரிந்துவிடும். அங்கே சோப்புக்குப் பதில் பூந்திக்கொட்டைச் சாறு நல்லது. அசுவினி, வெள்ளை ஈ, இளம்புழுக்களுக்குத்தான் வேப்பங்கொட்டைக் கரைசல் கேட்கும். தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் புகுந்துவிட்ட புழுவை எட்டாது. மழை வரும்போலிருந்தால் அன்று அடிக்கவே வேண்டாம்.