வெயிலில் மங்கும் திரை, ஊரைத் தாண்டினால் இரையும் ரேடியோ: கார் ஸ்டீரியோ மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளாகட்டும், உங்கள் ஊர் அக்சஸரீஸ் கடையாகட்டும், புது ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ வாங்கப் போனால் பேச்சு எத்தனை இன்ச், எத்தனை ஜிபி ரேம் என்பதிலேயே சுற்றும். உச்சி வெயிலில் மேப் தெரியுமா, செங்கல்பட்டு தாண்டியும் எஃப்எம் எடுக்குமா என்று கேட்பவர்கள் குறைவு. இந்த இரண்டுக்கும் பெட்டி மேல் அச்சடித்த எண்களில் பதில் கிடைக்காது. பாதி பேனலில் இருக்கிறது, மீதி மாட்டும் விதத்தில்.

கடைக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் திரையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவதுதான் பெரிய தவறு. கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். மலிவான யூனிட்களில் டச் கண்ணாடிக்கும் பேனலுக்கும் நடுவே மெல்லிய காற்று இடைவெளி இருப்பதால், ஒரு பரப்புக்குப் பதில் மூன்று பரப்புகள் பிரதிபலிக்கின்றன. நேர் வெயில் பட்ட வெள்ளைச் சட்டையின் பிரகாசம் சுமார் 20,000 நிட்ஸ் (பிரகாசத்தை அளக்கும் அலகு) வரை போகும். அதில் 4 சதவீதமே 800 நிட்ஸ். 400, 500 நிட்ஸ் திரையில் மேப்புக்குப் பதில் உங்கள் சட்டைதான் தெரியும். ஆகவே ரேம் 4 ஜிபியா 8 ஜிபியா என்று அலசும் நேரத்தில், டச்சும் பேனலும் இடைவெளி இல்லாமல் ஒட்டியதா, அதாவது ஃபுல் லேமினேஷனா என்று கேளுங்கள். யூனிட்டை வாசலுக்குக் கொண்டுவந்து, வெயிலில் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார்.

பார்க்கும்போது நேர் எதிரே நின்று பார்க்காதீர்கள். நம் ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம். ஓட்டுபவர் எப்போதும் வலப்புறமிருந்து சாய்வாகத்தான் திரையைப் பார்க்கிறார். திரைப் பேனல்களில் ஐபிஎஸ் (IPS) வகை இதைத் தாங்கும், டிஎன் (TN) வகை வெளிறிப்போகும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போடுபவர்கள் அதையும் போட்டுக்கொண்டே பார்க்க வேண்டும். சில திரைகள் அதன் வழியே கறுப்பாகவே தெரியும். கூசாமல் இருக்கக் கோட்டிங் கொடுத்த திரையின் மேல் பளபளக்கும் டெம்பர்ட் கிளாஸ் ஒட்டுவது, காசு கொடுத்து வாங்கிய நன்மையைக் காசு கொடுத்தே அழிப்பது.

பகலில் மழைக்கு ஹெட்லைட் போட்டதும் திரை மங்குகிறதா? திரையில் கோளாறு இல்லை. ஐஎல்எல் (ILL) என்று குறித்த ஒயர் விளக்கோடு இணைந்திருப்பதால் யூனிட் அதை இரவு என்று எடுத்துக்கொள்கிறது. அந்த ஒயரை வெட்டிவிட்டால் இரவில் கண் கூசும், அது ஆபத்து. செட்டிங்ஸில் இரவுப் பிரகாசத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

ரேடியோவுக்கு வருவோம். கம்பெனி செட்டில் தெளிவாக எடுத்த எஃப்எம் புது யூனிட்டில் இரைந்தால், பலரும் யூனிட்டைத்தான் குறை சொல்கிறார்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆன்டெனாவுக்குப் போகும் கரண்ட்டை. இப்போதைய பல கார்களில் ஆன்டெனா சின்னது. அதன் அடியில் ஒரு ஆம்ப்ளிஃபையர் இருக்கும், அதற்கு 12 வோல்ட் வேண்டும். ஃபோக்ஸ்வாகன் போலோ, ஸ்கோடா ரேபிட் போன்றவற்றில் கம்பெனி செட் இந்தக் கரண்ட்டை ஆன்டெனா கேபிள் வழியாகவே அனுப்புகிறது. வெளியில் வாங்கும் யூனிட்டோ அதைத் தனி ஒயரில் கொடுக்கிறது, பெரும்பாலும் நீல நிறம். வெறும் பின் மாற்றியைப் போட்டு கேபிளைச் செருகிவிட்டால் ஆம்ப்ளிஃபையர் உயிரில்லாமல் கிடக்கும். டவருக்குப் பக்கத்தில் மட்டும் பாட்டு வரும். கரண்ட் ஏற்றும் வசதியுள்ள அடாப்டர் வாங்கி நீல ஒயரை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். ரேடியோ ஓடும்போது அந்த ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

அடுத்தது ஏரியா செட்டிங். அமெரிக்கா என்று இருந்தால் எஃப்எம் 0.2 மெகாஹெர்ட்ஸ் தாவலில், ஒற்றைப்படைத் தசமங்களில் மட்டுமே நிற்கும். சென்னையில் 98.3 சரியாகக் கிடைக்கும், 101.4 ரெயின்போவும் 106.4 ஹலோ எஃப்எம்மும் நழுவிவிடும். மீடியம் வேவிலும் இதே கதை: அங்கே 10 கிலோஹெர்ட்ஸ் தாவல், இங்கே 9. திருச்சி வானொலியின் 936 அந்தக் கணக்கில் அகப்படாது. ஐரோப்பா என்று மாற்றினால் பெரும்பாலான யூனிட்களில் இது சரியாகிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இரைச்சல் வந்தால் டேஷ்கேம், யுஎஸ்பி சார்ஜர், எல்இடி பல்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். 12 வோல்ட்டை 5 ஆக்கும் மலிவான சர்க்யூட்கள் எஃப்எம் அலைவரிசையிலேயே இரைச்சலைக் கொட்டும். கேமரா ஒயரையும் ஆன்டெனா கேபிளையும் ஒரே கட்டாகச் சுருட்டி டேப் அடிப்பது ஃபிட்டர்களின் வழக்கம். பிரித்துத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். வெளியூர்ப் பயணத்தில் ஸ்டேஷன் தேடினால் எதுவுமே அகப்படவில்லை என்றால் எல்ஓசி (LOC, அதாவது லோக்கல்) பொத்தானைப் பாருங்கள். அது ஆனில் இருந்தால் தேடல் வலுவான சிக்னலில் மட்டுமே நிற்கும். கொடைக்கானல் வானொலியின் 100.5 தூரத்திலிருந்து மெலிதாக வரும்போது எல்ஓசியை ஆஃப் செய்துவிட்டுத்தான் தேட வேண்டும்.