மாறும் மழைக்காலத்தில் பனங்கூடலைப் பேணும் முறை

எமது யாழ்ப்பாணத்தில் ஒரு பனங்கூடல் (பனந்தோப்பு) நலமாக உள்ளதா என்று அறிய, உயர்ந்து நிற்கும் மரங்களை அண்ணாந்து பார்ப்பதை விட, அவற்றின் அடியில் வடலிகள் (இளம் பனைகள்) நிற்கின்றனவா என்று குனிந்து பார்ப்பதே பயன் தரும். 2018ஆம் ஆண்டு வறட்சிக்குப் பின் ஜேர்மனியில், ஒரே இனமாக நெருக்கி நடப்பட்டிருந்த ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரக் காடுகள் பட்டை வண்டினால் பெருமளவில் அழிந்ததை அங்கு வாழும் எம் உறவினர் பலர் கண்டிருப்பர். இனமும் வயதும் கலந்து நின்றால் இழப்புக் குறையும் என்பது அங்குள்ள வனத்துறையினர் கற்ற பாடம். அது பனைக்கும் பொருந்தும்.

முதலில் வடலி, பாளை விட்டவை, முதிர்ந்தவை என மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள். வடலி குறைவாயின் விதைப்பே முதல் வேலை.

பனங்கன்றைப் பிடுங்கி நடுவது பெரும்பாலும் வீண் முயற்சியாகும். முளைவிட்ட கொட்டையொன்றைத் தோண்டிப் பார்த்தால் காரணம் விளங்கும்: வெண்ணிறக் குழல் ஒன்று மேலே வராமல் நேராகக் கீழே இறங்க, அதன் நுனியிலேயே கிழங்கும் அதற்குள் குருத்தும் உருவாகின்றன. ஆதலால் நிற்க வேண்டிய இடத்திலேயே விதைக்க வேண்டும். எமது நிலத்தில் சுண்ணக்கல் பல இடங்களில் மேலாகவே கிடப்பதால், அலவாங்கை (கடப்பாரையை) ஒரு முழம் இறக்கிப் பார்த்து, கல் தட்டாத இடத்தைத் தெரிவு செய்யுங்கள். மரத்துக்கு மரம் 3 மீற்றர் விட்டால் ஒரு பரப்புக் காணியில் (ஏறத்தாழ 250 சதுர மீற்றர்) ஏறத்தாழ 28 மரங்கள் நிற்கும். பூக்கும் வரை ஆணா பெண்ணா என்று தெரியாது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். எனவே ஆண், பெண் பார்த்துத் தெரிவு செய்ய முடியாது; குழிக்கு இரண்டு மூன்று கொட்டைகளை இட்டு, பின்னர் நலிந்தவற்றை நீக்குவது நல்லது.

மழை முன்போல் நாள் பார்த்து வருவதில்லை. ஒருமுறை புரட்டாதியில் பெய்த முதல் மழையை நம்பி எல்லாக் கொட்டைகளையும் ஒரே நாளில் விதைத்துவிட்டேன். அடுத்து வந்த வெயிலில் பாதிக்கு மேல் காய்ந்தன. இப்போது ஆவணியில் பொறுக்கிய கொட்டைகளை நிழலில் குவித்து, காவோலையால் மூடி, ஈரம் காயாமல் வைத்திருந்து, மண் ஒரு சாண் ஆழம் நனைந்த பின்னரே இரண்டு மூன்று தவணைகளாக விதைக்கிறேன். முதல் ஓலை விரிந்ததும் ஆடு மாடு எட்டாதபடி கிளுவைக் கதியாலால் (உயிர்வேலிக் கம்புகளால்) அடைத்து விடுங்கள். இடையிடையே வேம்பும் பூவரசும் நிற்கட்டும். வேகமாகப் பரவும் இப்பில் இப்பில் என்னும் மரத்தைச் சிறிதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள்.

சோழகம் (தென்மேற்குக் காற்று) பிடிப்பதற்கு முன் காவோலைகளை இறக்கி, கூடலைச் சுற்றி இரண்டு பாகம் (ஏறத்தாழ 12 அடி) அகலத்துக்குச் சருகு அகற்றுங்கள். காற்றில் எழும் தீ தொங்கும் காவோலை வழியாக வட்டுக்கு (மரத்தின் தலைப்பகுதிக்கு) ஏறிவிடும். பச்சை ஓலை வெட்டும்போது குருத்தையும் அதைச் சூழ்ந்த இளம் ஓலைகளையும் தொடக் கூடாது.

தறிப்பதாயின் முன் அனுமதி பெற்று, முதிர்ந்தவற்றை மட்டும் ஆண்டுதோறும் சிலவாகத் தெரிவு செய்யுங்கள். தறித்த மரத்தைக் கிடக்கவிட்டு உக்கவிடாதீர்கள். பனையின் குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். உடனே பிளந்து சிலாகையாக்கி (கூரைச் சட்டங்களாக்கி), எஞ்சியதை விறகுக்குக் காயவிட்டு, அந்த மாரியிலேயே அருகில் இரண்டு கொட்டைகளை ஊன்றுங்கள்.